பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும்: பெற்றோரின் பங்கு



"மழை தொடங்கிவிட்டால் பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடுவதில்லை, சாமி. கண் முன்னால் இருந்தால் போதும்." மண்சரிவில் லயத்தை இழந்து, பூனாகலைப் பகுதியில் தற்காலிக இடமொன்றில் தங்கியிருந்த ஒரு தாய் எம்மிடம் சொன்ன வார்த்தைகள் இவை.

அவருடைய அச்சத்தை நாம் குறை கூற முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இவற்றைக் கண்ட தாய் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொள்வது இயல்பே.

ஆயினும் நாம் அங்கே சென்றது நல்ல வெயில் நாளில். மகன் கட்டில் ஓரத்தில் கைத்தொலைபேசியோடு இருந்தான். பதின்மூன்று வயது மகள் அடுப்பங்கரையில் இருந்தாள். மழை போய்விட்டது, மழைநாளுக்குப் போட்ட தடை மட்டும் போகவில்லை. இப்பாடத்தில் நாம் சிந்திக்கப்போவது இதைப் பற்றியே.

1. முன்பும் இப்போதும்

லயத்தில் வாழ்ந்தபோது பிள்ளைகளுக்கு ஓடியாட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குறுக்குப் பாதையில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள். பீலிக்கரைக்கு ஓடினார்கள். மாலையில் பிரட்டுக்களம் அவர்களுடையதாக இருந்தது. பத்து வீட்டுக் கண்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டன.

இடம்பெயர்ந்த பின் அந்த அயல் சிதறிவிட்டது. பக்கத்து வீட்டார் புதியவர்கள். முற்றம் சிறியது. பாதை பழக்கமில்லாதது. முன்பு தானாக நடந்த ஒன்று, இப்போது தாய் தகப்பனின் ஒரு சொல்லை நம்பி நிற்கிறது. "போய் விளையாடு" என்று நாம் சொல்லாவிட்டால் பிள்ளை அசைவதற்கு வேறு வழியில்லை.

2. எவ்வளவு தேவை?

5 முதல் 17 வயதுவரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. வாரத்தில் மூன்று நாட்களாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் குதித்தல், ஏறுதல் போன்றவையும் வேண்டும்.

இக்குறை எம்மிடம் மட்டும் உள்ளதன்று. 146 நாடுகளின் தகவல்களைக் கொண்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று, 11 முதல் 17 வயதினரில் 100 பேருக்கு 81 பேர் இந்த அளவை எட்டுவதில்லை எனக் கண்டது. ஆண் பிள்ளைகளில் 78 பேர்; பெண் பிள்ளைகளில் 85 பேர்.

ஓடியாடும் பிள்ளையின் எலும்பும் இதயமும் வலுப்பெறுகின்றன. இரவில் நன்றாக உறங்குகிறது. பாடத்திலும் கவனம் கூடுகிறது. அனர்த்தத்தைக் கண்ட பிள்ளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வாயால் சொல்ல முடியாத பயத்தைப் பிள்ளை விளையாட்டில் இறக்கி வைக்கிறது. முகாம்களில் சிறுவருக்கென விளையாட்டிடம் ஒதுக்குவது இதனால்தான். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31 ஆம் உறுப்புரையும் விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது.

"பிள்ளை ஏற்கெனவே மெலிவு, ஓடினால் இன்னும் இளைத்துவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 100 க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். ஆனால் இதற்கு மருந்து பிள்ளையை உட்கார வைப்பதன்று, உணவைச் சீராக்குவது. ரொட்டியோடு பருப்பும் கீரையும், முடிந்த நாளில் முட்டையும் சேர வேண்டும். மிகவும் மெலிந்த அல்லது நோயுற்ற பிள்ளையென்றால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் முதலில் காட்டுங்கள்.

3. பெற்றோர் செய்யக்கூடிய நான்கு காரியங்கள்

(அ) அனுமதி. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எந்நேரம், யாரோடு என்று சொல்லி அனுப்புங்கள். எல்லை தெரிந்த பிள்ளை துணிந்து விளையாடும்.

(ஆ) நேரம். தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் உடலுழைப்புத்தான். ஆனால் அளவுக்கு மீறிய சுமை வளரும் உடம்புக்கு ஆகாது. வேலை விளையாட்டின் இடத்தை நிரப்பவும் மாட்டாது. வேலைக்கும் வகுப்புக்கும் நேரம் ஒதுக்குவதுபோல விளையாட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

(இ) துணை. நாள் முழுதும் மலையில் கொழுந்தெடுத்த தாயையோ, மரக்கறிப் பாத்தி கொத்திய தகப்பனையோ மாலையில் ஓடச் சொல்வது நியாயமன்று. அதற்கு அவசியமும் இல்லை. பெற்றோர் தாமே விளையாட்டுக்காரராக இருப்பதைவிட, பிள்ளைக்கு ஊக்கமும் உதவியும் தருவதே கூடிய பலன் தருகிறது எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கல்லில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நடக்கும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.

(ஈ) சொல். "விளையாடினால் சோறு கிடைக்குமா?" என்ற கேள்வி பிள்ளையின் காலைக் கட்டிவிடும். "இன்று என்ன விளையாடினாய்?" என்ற கேள்வி அதை அவிழ்த்துவிடும். கைத்தொலைபேசியைப் பறிப்பதற்கு முன், அதற்குப் பதிலாக என்ன கொடுக்கிறோம் என்று நாம் யோசிக்க வேண்டும்.

4. பெண் பிள்ளை

எமது குடும்பங்களில் பெண் பிள்ளை பெரிய பிள்ளையானதும் விளையாட்டு நின்றுவிடுகிறது. அண்ணன் பந்தடிக்கப் போகிறான். தங்கை கோப்பை கழுவுகிறாள். 1991 இல் நாட்டின் தேசிய விளையாட்டாக்கப்பட்ட கரப்பந்து எமது தோட்டங்களில் எங்கும் ஆடப்படுகிறது. ஆனால் அந்த வலையின் இரு பக்கத்திலும் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள்.

புதிய இடம், குடித்துவிட்டு வருவோர், ஊராரின் பேச்சு என்று பெற்றோர் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்குத் தீர்வு மகளை அடைத்து வைப்பதன்று. பகல் வெளிச்சத்தில், நான்கைந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து, இரண்டு தாய்மார் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ள விளையாடலாம். வீட்டு வேலையில் பாதியை அண்ணனும் செய்யட்டும்.

5. பாதுகாப்பு

வெடிப்பு விழுந்த நிலம், வெட்டிய மண்மேட்டின் அடி, மழைக்குப் பின் பெருகும் ஓடை ஆகியவற்றின் அருகே ஒருபோதும் விளையாட விடக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாட்களில் அதன் அறிவுறுத்தலே முதன்மையானது. வெளியேறச் சொன்னால் உடனே வெளியேற வேண்டும். சாதாரண மழைநாளில் வீட்டுக்குள்ளேயே கயிறடிக்கலாம், பாட்டுக்கு ஆடலாம். வெயில் நாட்களுக்குச் சமதரையான ஓரிடம் வேண்டும். பள்ளிக்கூட முற்றமோ, கோயில் முற்றமோ, பழைய பிரட்டுக்களமோ கிடைக்குமா என்று ஊரவர் சேர்ந்து தோட்ட நிருவாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். தனியே கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது பலமானது.

6. அந்தத் தாய் என்ன செய்தார்?

நாம் கட்டளை எதுவும் இடவில்லை. அக்கம்பக்கத்துத் தாய்மார் இன்னும் இருவரை அழைத்துப் பேசினோம். மழையில்லாத நாட்களில் மாலை நாலரை முதல் ஐந்தரை வரை, சமதரையான முற்றத்தில், தாய் ஒருவர் முறைபோட்டு இருப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். மகன் முதல் நாளே ஓடினான். மகள் முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் தம்பியைக் கூட்டிப்போகும் சாக்கில் வந்து ஓரமாக நின்றாள். பிறகு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். நாம் மீண்டும் சென்றபோது அவள் குதித்துக்கொண்டிருந்தாள். தாயோ வானத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சம் முற்றாகப் போகவில்லை. ஆனால் அது இப்போது பிள்ளையை அடைத்து வைக்கவில்லை, காவல் காக்கிறது.

கலந்துரையாடலுக்கு

1. நேற்று எமது பிள்ளை எத்தனை நிமிடம் ஓடியாடியது? மகனுக்கும் மகளுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

2. நாம் விதித்துள்ள தடைகளில் எவை உண்மையான ஆபத்துக்காக, எவை பழைய பயத்துக்காக?

3. எமது குடியிருப்பில் பாதுகாப்பான சமதரை எங்கே உள்ளது? யாரிடம் கேட்க வேண்டும்?

4. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ள முன்வரும் இரண்டு பேர் யார்?

நான்காம் கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே கூட்டத்தை முடியுங்கள்.