முதல் ஸ்ட்ரைக்கர்: இளம் கேரம் பயிற்சியாளர் ஒருவருக்குக் கடிதம்

கேரம் ஆட வரும் பிள்ளைக்கான முதல் செட்டில் ஐந்து பொருள்கள் உண்டு: ஸ்ட்ரைக்கர், போர்டு, காய்கள், பவுடர், உட்கார ஒரு முக்காலி. இவற்றில் ஸ்ட்ரைக்கர் சிறியது, விலையும் அதிகமில்லை. ஆனாலும் ஆடுபவரின் விரல் விசையோடு தொடுவது அதை மட்டுமே என்பதால் தேர்வு அதிலிருந்தே தொடங்குகிறது. இந்தக் கடிதத்துக்குக் காரணம், வடசென்னையின் திருவொற்றியூரில் கோடைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக இளம் பயிற்சியாளர் ஒருவர் எழுதிய பன்னிரண்டு பக்கக் கையேடு. விரல் பிடிகளையும் ஆட்ட விதிகளையும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கியமாகப் பேச வேண்டியவை கையேட்டின் 3-ஆம் பக்கமும் 7-ஆம் பக்கமும்.

புதிதாக வருபவர் மூன்று ஸ்ட்ரைக்கர் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 3-ஆம் பக்கம்: காயின் ஓரத்தைத் தொட்டு அடிக்கும் கட் ஆட்டத்துக்கு இலேசானது, நேரடி ஆட்டத்துக்கு நடுத்தரமானது, காய்களைக் கலைக்கும் முதல் அடியான பிரேக்குக்குக் கனமானது. தூரத்துக்கு ஏற்ப கோல்ஃப் ஆடுபவர் மட்டை மாற்றுவதைக் கையேடு இதற்கு உவமையாகச் சொல்கிறது. கையேடு முழுவதிலும் பொறுத்துக்கொள்ளவே முடியாத வரி இதுதான்.

கோல்ஃப் விதிகளின்படி ஒருவர் 14 மட்டைகள் வரை பையில் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஓர் அடி இருநூறு கெஜத்தைத் தாண்டிப் போகவேண்டியிருக்கும். இன்னோர் அடி குழியருகே சில அடி தூரத்தோடு நிற்கவேண்டியிருக்கும். மட்டையின் நீளமும் முகத்தின் சாய்வும் அந்தத் தூரங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கேரமில் ஆடுபரப்பின் ஒரு பக்கம் 74 செ.மீ. மூலைக்கு மூலை அளந்தாலும் ஏறத்தாழ 105 செ.மீ.தான். ஸ்ட்ரைக்கருக்கு நீளமும் இல்லை, சாய்வும் இல்லை. காயைத் தொட்டும் தொடாமலும் நகர்த்துவதும், நான்கு சட்டங்களையும் அதிர வைப்பதும் ஒரே விரல் செய்யும் வேலை. கோல்ஃபிலும் புதிதாக வருபவர் 14 மட்டைகளையும் ஒரேயடியாக வாங்குவதில்லை. ஏழெட்டு மட்டைகள் கொண்ட பாதி செட்டோடு தொடங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். எடுத்த உவமையே எழுதியவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

ஸ்ட்ரைக்கரின் கனம் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. காயின் எடை 5 முதல் 5.5 கிராம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5 கிராம் காயை நேருக்கு நேர் அடித்தால், முழு மீள்மோதல் என்று வைத்துக்கொண்டு, ஸ்ட்ரைக்கரிடம் அதன் வேகத்தில் பாதி மிஞ்சும்; காய் அந்த வேகத்தைப்போல ஒன்றரை மடங்கில் கிளம்பும். ஸ்ட்ரைக்கர் 10 கிராம் என்றால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. காய் கிளம்புவது ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டிய வேகத்தில். மரமும் பிளாஸ்டிக்கும் முழு மீள்தன்மை கொண்டவை அல்ல என்பதால் உண்மையில் எல்லாமே கொஞ்சம் குறையும், போக்கு மாறாது. ஆகவே கனம் மாறும்போது அதிகம் மாறுவது அடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் போய் நிற்கும் இடம். காயின் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டில் விழுந்து ஃபவுல் ஆவதும், அடுத்த காய்க்கு வழிவிட்டு நிற்பதும் அந்த மிச்ச வேகத்தைப் பொறுத்தவை.

மிச்ச வேகத்தை விரல் மனப்பாடம் செய்ய மாதக்கணக்காகும். வாரத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கரை மாற்றும் பிள்ளையின் விரலுக்கு மனப்பாடம் செய்ய எதுவுமே கிடைக்காது. தவறு விரலில் இருக்கும். பிள்ளை ஸ்ட்ரைக்கரைக் குறை சொல்லும். கையிலேயே மாற்று ஸ்ட்ரைக்கர் இருப்பதால் அந்தக் குறைக்கு வசதியும் வந்துவிடும். முதல் ஆண்டுக்கு ஒரே ஸ்ட்ரைக்கர் என்பதே சரியான விதி. 14.5 கிராமிலிருந்து 15 கிராமுக்குள், விளிம்பில் பிசிறோ சில்லோ இல்லாமல், கண்ணாடியின் மேல் வைத்தால் ஆடாமல் படிந்து நிற்பதாக இருக்கவேண்டும். கட், நேரடி, சட்டத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்ட், கட்டைவிரலால் அடிக்கும் தம்ஸ், பிரேக் எல்லாவற்றையும் அதிலேயே பழக வேண்டும்.

மேலுறையில் அச்சிட்ட எடையை நம்பாமல் நிறுத்துப் பார்ப்பது அவசியம். கடைகளில் 15 கிராமைத் தாண்டியவையும் விற்கின்றன. கனமானது வீட்டு ஆட்டத்தில் நன்றாக ஓடும், போட்டி மேசையில் செல்லாது. வடசென்னையில் நிறுப்பது பெரிய காரியம் அல்ல. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு அடகுக்கடை உண்டு. மில்லிகிராம் காட்டும் தராசு அங்கே இருக்கும். கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள்.

இந்தக் கடிதத்தை எழுதுபவர் எடை விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையின் மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அங்கே ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய மஞ்சள் பாரித்த ஸ்ட்ரைக்கர்தான் அவருடைய முதல் ஸ்ட்ரைக்கர். காசிமேட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையில், தகர மூடி போட்ட 100 வாட் பல்பின் கீழே, மீன் ஏலம் முடிந்து வந்தவர்களோடும் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்களோடும் இரண்டு ஆண்டுகள் அதில்தான் ஆடினார். முதல் மாவட்டப் போட்டியில் நடுவர் அதைத் தராசில் வைத்தார். 17 கிராமைத் தாண்டியது. இரவல் வாங்கிய ஸ்ட்ரைக்கரில் ஆடிய ஆட்டம் முதல் சுற்றிலேயே முடிந்தது. தோல்வி சீக்கிரமே மறந்துபோயிற்று. இரண்டு ஆண்டுகள் பழகிய விரலை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்ததுதான் இழப்பு. அந்த இழப்பு திருவொற்றியூர்ப் பிள்ளை ஒருவருக்கும் வரக்கூடாது. தந்தத்திலும் உலோகத்திலும் செய்த ஸ்ட்ரைக்கர்களை விதி அடியோடு விலக்குகிறது என்பதும் கையேட்டில் இல்லை, சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது போர்டு. போட்டிக்கான போர்டில் ஆடுபரப்பு 73.5 முதல் 74 செ.மீ. சதுரம், பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறையாத தடிப்பு. பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ.; சுற்றுச் சட்டம் ரோஸ்வுட் அல்லது வேறு வன்மரம். பரப்பின் வழவழப்புக்கும் விதியில் ஓர் அளவு இருக்கிறது: தேர்ந்த ஆட்டக்காரர் முழு விசையோடு அடித்தால் ஸ்ட்ரைக்கர் போர்டின் குறுக்கே குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓடவேண்டும். கடையில் இதைச் சோதிக்க ஆட்டக்காரர் ஒருவரை உடன் அழைத்துப்போவது நல்லது. பரப்பு தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை நூல் பிடித்தால் போதும். நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்தப் போர்டு வேண்டாம். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு கோலிக்குண்டை நடுவட்டத்தில் வைத்துப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும்.

பிளைவுட் ஈரத்தை இழுக்கும். கடலை ஒட்டிய எண்ணூர், காசிமேடு வீடுகளில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு சரியாகக் காயாத போர்டு உப்பிக்கொள்ளும். சுவரில் சாய்த்தே வைத்திருந்தால் வளைந்துபோகும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறை போட்டு, தரையிலிருந்து உயர்த்திப் படுக்கையாக வைப்பதே அதற்குப் பாதுகாப்பு.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போர்டு வாங்கச் சொல்கிறது கையேடு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டில் 74 செ.மீ. போர்டையும் எதிரெதிரே இரண்டு முக்காலிகளையும் போட இடம் ஏது? இந்தப் பகுதியின் கேரம் மன்றங்களில் வளர்ந்த ஆட்டம். போர்டு தெருவுக்குப் பொது, ஸ்ட்ரைக்கர் மட்டும் சொந்தம் என்பதே இங்கே வழக்கம். அகில இந்தியக் கேரம் கூட்டமைப்பு 1956-இலும் சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-இலும் உருவானது இதே சென்னையில். 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனாகி, பிறகு அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடியிலிருந்து போன இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு மூன்றிலும் தங்கம் வென்றார். பல எதிராளிகளும் பல போர்டுகளும் கிடைக்கும் இடத்தில்தான் ஆட்டம் வளர்கிறது. வீட்டுப் போர்டில் தம்பி ஒருவனைத் தவிர எதிராளி இல்லை. முதல் ஆண்டில் போர்டுக்கான பணத்தை மன்றத்துச் சந்தாவுக்குக் கொடுப்பதே மேல்.

மூன்றாவது காய்கள். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை, எல்லாம் ஒரே தடிப்பில் இருக்கவேண்டும். அடுக்கி வைத்துக் கையால் தடவினால் விரல் எங்கும் தட்டக்கூடாது. இதில் கையேடு சொல்வது சரியே.

நான்காவது பவுடர், கையேட்டின் 7-ஆம் பக்கம். ஓடாத போர்டுக்குத் தாராளமாகப் பவுடர் போடச் சொல்கிறது அது. போரிக் பவுடரின் நுண்துகள்கள் பரப்புக்கும் காய்க்கும் இடையே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கின்றன. படலம் தடித்துவிட்டால் துகள்கள் ஸ்ட்ரைக்கருக்கு முன்னால் குவிந்து வேகத்தைத் தின்னும். மெதுவாக உருட்டிய காயைப் பாக்கெட்டின் வாயருகே திருப்பிவிடும். ஈரக்காற்றில் அதே பவுடர் திரண்டு ஒட்டிக்கொள்ளும். கரடான போர்டின் குறையைப் பவுடர் மறைக்கும், தீர்க்காது. பவுடர் மலையில் பழகிய பிள்ளை போட்டியின் சுத்தமான பரப்பில் திணறும். மெல்லிய துணியில் முடிந்து, நடுவில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையால் பரப்பினால் போதும். பவுடரை இறுகிய மூடி போட்ட டப்பாவில், சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்; ஆடி முடித்ததும் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது.

ஐந்தாவது முக்காலி. ஸ்டாண்டின் உயரம் விதிப்படி 63 முதல் 70 செ.மீ.; நாற்காலிக்கு 40 முதல் 50 செ.மீ. இவை பெரியவர்களின் உடம்புக்குச் சொன்ன அளவுகள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழங்கை சட்டத்தின் மட்டத்துக்கு வரும்வரை முக்காலியின் மேல் பலகைத் துண்டுகளை அடுக்கி, கால் தொங்காமல் இருக்கக் கீழே செங்கல் வைக்கச் சொல்கிறது கையேட்டின் 9-ஆம் பக்கம். தோள் தூக்கி ஆடும் பிள்ளைக்கு எந்த ஸ்ட்ரைக்கரும் நேராகப் போகாது என்பதை ஒரு செங்கல்லை வைத்து விளக்கியிருக்கிறார் இளம் பயிற்சியாளர். நாற்பது ஆண்டுகள் மன்றங்களில் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தோன்றாத யோசனை இது. இந்த ஒரு பக்கத்துக்காக மட்டுமே கையேட்டை ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை எல்லா மன்றச் சுவர்களிலும் ஒட்டலாம். அந்தப் பக்கத்தை எழுதிய கை ஒரு பெரிய ஆசிரியரின் கை.

அடுத்த பதிப்பில் வாங்கும் வரிசை இப்படி அமையவேண்டும். முதல் மாதம், நிறுத்துப் பார்த்து வாங்கிய ஒரு ஸ்ட்ரைக்கர், மன்றத்தில் இடம், உயரத்துக்கு ஏற்ற இருக்கை. ஆறு மாதம் கழிந்தும் பிள்ளை தினம் வந்தால் சொந்தமாக ஒரு செட் காய்களும் ஒரு டப்பா பவுடரும். ஓராண்டு முடிந்து, வீட்டில் இடமும் இருந்தால், நூல் பிடித்துப் பார்த்த ஒரு போர்டு. இரண்டாவது ஸ்ட்ரைக்கர், முதல் ஸ்ட்ரைக்கரின் விளிம்பு தேய்ந்த பிறகு, அதே எடையில்.