டேட்டா எடுக்க சிங்க்கே வந்தா?

ஒரு பேப்பர்ல வரிசையா 10 சென்சார் நோடு வரைங்க. வலது ஓரத்தில் டேட்டா வாங்கும் ரிசீவர். புக்ல இதுக்கு சிங்க்னு பேரு (பாத்திரம் கழுவுறது இல்ல). எந்த நோடும் பக்கத்து நோடு வரைக்கும்தான் அனுப்ப முடியும். ஒரு ரவுண்டுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட். இடது ஓர நோடு அனுப்புவது 1. சிங்க்குக்குப் பக்கத்து நோடு? மத்த 9 பாக்கெட்டையும் வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து 10 அனுப்பணும். முதல்ல பேட்டரி தீர்வது அதுக்குத்தான். அது செத்துட்டா மீதி 9 நோடுல சார்ஜ் இருந்தும் பிரயோஜனமில்லை. எனர்ஜி ஹோல் பிரச்சினை என்பது இதுதான்.

சரி, சிங்க்கை ஒரு வண்டியில் வெச்சு ஒவ்வொரு நோடு பக்கமும் ஓட்டினா? அதது தன் டேட்டாவை மட்டும் கொடுத்தா போதும். 2004-ல் கென்யாவில் வரிக்குதிரைகளுக்குக் காலர் மாட்டிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஜீப்ராநெட் குழுவும் டவர் எதுவும் நடவில்லை. ரிசீவரோடு வண்டியில் போய்த்தான் டேட்டா எடுத்தார்கள்.

என் ப்ராஜெக்ட் சிமுலேஷன்லயும் நகரும் சிங்க் சூப்பரா ஜெயிச்சது. ரிவ்யூல ஒரே கேள்வி: "சிங்க் வர்றது நோடுக்கு எப்படிப்பா தெரியும்?" முழிச்சேன். அனுப்புற செலவை எண்ணியிருந்தேன், காத்திருக்கும் செலவை எண்ணவே இல்லை.

அன்னிக்கு ராத்திரிதான் சிசி2420 ரேடியோ சிப்போட டேட்டாஷீட்டை ஒழுங்கா பார்த்தேன். அனுப்ப 17.4 மில்லிஆம்பியர். கேட்க 18.8! சும்மா காது கொடுத்துட்டு இருக்கிறதுக்குத்தான் அதிக கரண்ட். 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரினா 133 மணி நேரம். ஆறு நாள்கூட வராது.

அதனால நோடு தூங்கணும். 100 நொடிக்கு 1 நொடி மட்டும் முழிச்சா, தூங்கும்போது ஆகும் சொற்பச் செலவை விட்டுட்டா, சுமார் 550 நாள் வரும். ஆனா ரேஞ்ச் 50 மீட்டர்னு வைங்க. நோடைத் தாண்டிப் போற சிங்க் 100 மீட்டர் தூரத்துக்குத்தான் தொடர்பில் இருக்கும். நொடிக்கு 1 மீட்டர் வேகம்னா 100 நொடி. 5 மீட்டர்னா வெறும் 20 நொடி. நோடும் 20 நொடிக்கு ஒருமுறை எழணும், ஆயுள் 110 நாளாகச் சுருங்கிடும். வண்டி வேகமா போனா பேட்டரிக்கு ஆகாது!

இன்னொரு வழி, பஸ் மாதிரி சிங்க் தினமும் ஒரே நேரத்துக்கு வர்றது. அப்பவும் நோடின் கடிகாரம் 20 பிபிஎம் பிசகினா நாளுக்கு 1.7 நொடி தள்ளிப்போகும். 2 நொடி முன்னாடியே எழுந்து, சிங்க் வந்ததும் நேரத்தைச் சரிசெஞ்சுக்கணும். என் புரோகிராம்ல இப்போ அதைத்தான் எழுதிட்டிருக்கேன்.