பக்கத்து வயல் படம் நம்ம திரையில் ஏன் வருது?



திருவாமாத்தூரில் நடந்த கூட்டத்தில் மருந்து அடிக்கும் ட்ரோன் பற்றிப் பேசினோம். அப்போது ஒரு சகோதரி, "அக்கா, பக்கத்துக் காணியில இன்னொரு ட்ரோன் பறந்தா நம்ம படம் வரி வரியா போவுதாமே, ஏன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதுவே இந்த மாதப் பாடம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தருவது நோக்கம். 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மீதியைக் கூட்டமைப்பு கடனாகத் திரட்டலாம் என்று திட்டம் சொன்னது. கடன் என்றால் கட்டப்போவது நாம்தானே! படம் மறைந்து ட்ரோன் மின்கம்பியில் மோதினாலும் தவணை நிற்காது.

ரேடியோ முள்ளை நினைத்துப் பாருங்கள்

அந்தக் காலத்தில் சிலோன் ஸ்டேஷனைப் பிடிக்க முள்ளை மெதுவாகத் திருப்புவோம். பக்கத்து ஸ்டேஷன் பலமாக இருந்தால் இரண்டு பாட்டும் கலந்து கேட்கும். ட்ரோன் படமும் அப்படித்தான். ட்ரோனில் உள்ள கேமரா ஒரு சேனலில் படம் அனுப்புகிறது. நம் கையில் உள்ள ரிசீவர் அந்தச் சேனலை மட்டும் சலித்து எடுக்க வேண்டும். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் அரிசியோடு நொய்யும் விழும் அல்லவா? அதுபோலப் பக்கத்துச் சேனலும் உள்ளே வந்துவிடும்.

அனலாக் கேமராக்கள் பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. ஒரு படத்துக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டும். ஒரு வகைச் சேனல் வரிசையில் 5740, 5760, 5780 என்று 20 இடைவெளிதான் இருக்கிறது. அதாவது வரப்பே இல்லாத வயல்கள்! ‘ரேஸ்பேண்ட்’ வரிசையில் இடைவெளி 37.

மூன்று வகை ரிசீவர்கள்

1. ஒரே ஆன்டெனா உள்ள சாதாரண அனலாக் ரிசீவர்: குறுக்கீடு வந்தால் முதலில் புள்ளி, பிறகு கோடு, கடைசியில் அடுத்தவர் படம். கெடுவது கண்ணுக்குத் தெரிவதால் ட்ரோனை இறக்க நேரம் கிடைக்கும்.

2. இரண்டு ஆன்டெனா உள்ள அனலாக் ரிசீவர்: எதில் சிக்னல் பலமோ அதை எடுக்கும். மரம் மறைக்கும் இடத்தில் நல்ல பலன். ஆனால் பக்கத்துச் சேனலுக்கு இது மருந்து இல்லை. அடுத்தவர் அலையையும் சேர்த்து ‘பலம்’ என்று எண்ணி ஏமாறலாம். அதனால்தான் சிக்னல் கோடு முழுதாக இருந்தும் படம் கெடுகிறது.

3. டிஜிட்டல் ரிசீவர்: பிழையைத் தானே திருத்தும். பல கருவிகள் காலியான சேனலைத் தானே தேடும். ஓரளவு குறுக்கீட்டிலும் படம் தெளிவு. ஆனால் அளவு மீறினால் படம் திடீரென்று உறைந்து நிற்கும். சில கருவிகளில் படமும் ரிமோட்டும் ஒரே இணைப்பில் வருவதால் இரண்டும் சேர்ந்தே போகலாம். ட்ரோன் தானே திரும்பி வரும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

தூரக் கணக்கு

நம் ட்ரோன் 200 மீட்டரில், அடுத்தவர் ட்ரோன் நமக்கு 20 மீட்டரில். தூரம் 10 மடங்கு குறைவு. ஒரே சக்தி உள்ள கருவி என்றால் அவர் அலை 100 மடங்கு பலமாக வரும்! நல்ல ரிசீவர் என்பது இதையும் தள்ளிவிடுவதுதான்.

வாங்கும் முன் சோதியுங்கள்

இரண்டு ட்ரோன்களிலும் இறக்கைகளைக் கழற்றுங்கள். ஆன்டெனா மாட்டாமல் கேமரா இணைப்பைப் போடாதீர்கள், கருவி கெட்டுவிடும். நம் ட்ரோனை 100 தப்படி தள்ளி வையுங்கள். மற்றதை 10 தப்படியில் வைத்து, பக்கத்துச் சேனல், ஒன்று விட்டு அடுத்தது, இரண்டு விட்டு அடுத்தது என்று மாற்றுங்கள். எந்த இடைவெளியில் படம் சுத்தமாகிறது? நோட்டில் எழுதுங்கள். குறைந்த இடைவெளியில் தெளிவாகத் தருவதே நல்ல ரிசீவர். விற்பவர் வாய்ச்சொல்லை விட இது மேல்.

வயலில் கவனிக்க

- பறக்கும் முன் பக்கத்து வயல் இயக்குபவரிடம் சேனலைக் கேட்டு, இரண்டு மூன்று சேனல் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.
- நம் நாட்டில் 2018 அறிவிக்கையின்படி 5725 முதல் 5875 வரை, உரிய சக்தி வரம்புக்குள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 5880, 5917 சேனல்கள் அதற்கு வெளியே. அவற்றைத் தொட வேண்டாம்.
- திரையை மட்டும் நம்பாதீர்கள். கண் எப்போதும் ட்ரோன் மேல் இருக்கட்டும். படம் கெட்டால் பதறாமல் நிறுத்தி, இறக்குங்கள்.
- 2021 ட்ரோன் விதிகளின்படி மருந்து அடிக்கும் ட்ரோனை இயக்கச் சான்றிதழ் அவசியம். பயிற்சி பெற்றவரே இயக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் ஊரில் ஒரே நாளில் எத்தனை ட்ரோன்கள் பறக்கும்? யார் எந்தச் சேனல்? பேசி முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு, சேனலுக்கு முறை வைக்கத் தெரியாதா என்ன?