வக்கியூம் பை வாங்குமுன் தூசியைத் தொட்டுப் பாருங்கள்

வக்கியூம் கிளீனருக்குப் பை வாங்கப் போகிறவர் கடையில் இரண்டைத்தான் பார்க்கிறார்: விலை, பெட்டியில் அச்சிட்ட சதவீதம். கடதாசிப் பை மலிவு, ஹெபா பை நுண்தூசியையும் பிடிக்கும் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூர்ப் பக்கம் உள்ள கட்டைபறிச்சான் போன்ற ஊரில் ஒரே வீட்டுக்குள் ஆண்டில் மூன்று விதத் தூசி வருகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் காய்ந்த மண்ணும். பெரும்போகமோ சிறுபோகமோ அறுவடையாகும்போது பதரும் வைக்கோல் தூளும். வாடை தொடங்கி மழை பிடித்தபின் ஈரத்தில் பெருகும் பூஞ்சணமும் தூசிப்பூச்சியும். ஜூலைக்குப் பொருந்தும் பை டிசெம்பருக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை. இப்போது வீட்டில் எந்தத் தூசி, அதை யார் சுவாசிக்கிறார், இயந்திரம் அதை உள்ளே வைத்திருக்குமா என்று பார்த்து வாங்கினால்தான் கொடுத்த காசு வீணாகாது.

பை பார்வைக்குக் குப்பை கட்டும் சாக்கு. செய்வதோ வடிகட்டும் வேலை. உறிஞ்சிய காற்று முழுவதும் அதன் சுவருக்குள்ளால் வந்துதான் அறைக்குத் திரும்புகிறது. 1901இல் பிரித்தானியாவில் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஹியூபர்ட் செசில் பூத், முதலில் கதிரை மெத்தையில் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தாராம். துணியில் படிந்த அழுக்குத்தான் அவருக்குக் கிடைத்த விடை. கடதாசிப் பை அந்தக் கைக்குட்டையின் வழியில் வந்தது. நாரின் இடுக்குகளில் தூசி சிக்கும். சிக்கச் சிக்க இடுக்கு அடைபட்டு இழுவை குறையும். ஹெபா என்று விற்கப்படும் பைகளோ பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை நாரைப் பல அடுக்காகப் படியவைத்துச் செய்தவை. தூசி அடுக்குகளின் ஆழத்தில் பரவித் தங்குவதால் இழுவை அவ்வளவு விரைவில் விழாது. பெட்டியில் இருக்கும் 0.3 மைக்ரோன் என்ற எண்ணைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அதைவிடச் சிறியது தப்பிவிடும் என்று நினைக்கிறார்கள். பெரிய துகள் வளைந்து போக முடியாமல் நாரில் மோதிச் சிக்கும். மிகச் சிறியது காற்றின் மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி நாரில் ஒட்டும். பிடிக்கக் கடினமானது நடுவில் நிற்கும் 0.3 அளவுத் துகள். அதனால்தான் அமெரிக்க வரையறை அதை வைத்துச் சோதித்து 99.97 சதவீதம் கேட்கிறது. ஐரோப்பிய எச்13 தரமும் பிடிக்க மிகக் கடினமான அளவையே எடுத்து 99.95 கேட்கிறது. ‘ஹெபா வகை’ என்று மட்டும் எழுதித் தர எண் போடாத பையை விளம்பரச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் கூட்டிய தூசியில் ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையில் தேயுங்கள். நறநறத்தால் மணல். மணலை எந்தக் கடதாசிப் பையும் பிடிக்கும். அதற்கு ஹெபா வாங்குவது வீண்செலவு. மணல் பையின் சுவரையும் குழாயையும் தேய்த்துக் கெடுக்கும் என்பதால் பெரும்பங்கைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் இயந்திரத்தைப் போடுங்கள். மாவுபோல் வழுக்கினால் அது நுண்தூசி. விறகடுப்பின் சாம்பல், சீமெந்துத் தூள், வைக்கோல் தூள் எல்லாம் இந்த இனம். இவற்றில் மெல்லிய கடதாசிப் பை விரைவில் அடைபடும், கொஞ்சத்தை வெளியேயும் விடும். சூடு ஆறாத சாம்பலை எந்தப் பையிலும் உறிஞ்சக்கூடாது; தீப்பிடிக்கும். வீடு கட்டும் வேலையின் சீமெந்துத் தூளை அதற்கென உள்ள பீப்பாய் இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது இயந்திரத்தின் சோதனை. இதைச் செய்யாமல் ஹெபா பை வாங்குவது ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதுதான். பழைய பையைக் கழற்றி அது இருந்த அறையைப் பாருங்கள். பைக்கு வெளியே சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருந்தால் காற்று பையின் கழுத்தைச் சுற்றிக் குறுக்குவழியில் போகிறது. பிறகு காற்று வெளியேறும் வாய்க்கு முன்னால், அடைக்காமல் சற்றுத் தள்ளி, வெள்ளைத் துணியொன்றைப் பிடித்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். துணி மங்கினால் ரப்பர் வளையத்தையும் பின்பக்க வடிகட்டியையும் மாற்றுவதே முதற்செலவு. பைக்கு மேலே 99.97 என்று எழுதியிருந்தாலும் இடுக்கால் போகும் காற்று அந்த எண்ணை மதிக்காது.

மூன்றாவது, பருவம். மழை மாதங்களில் கடதாசி ஈரத்தைக் குடித்துத் தளரும். உள்ளே இருக்கும் முடியும் தோல்துகளும் பூஞ்சணத்துக்குத் தீனியாகும். செயற்கை நார் அப்படி நனைந்து தளராது. ஆனால் உள்ளிருக்கும் குப்பை அதிலும் பூக்கும். எனவே வாடையில் கடதாசிப் பையை நிறையும்வரை காக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாவிக்காத பைகளை உறையோடு காய்ந்த அலுமாரியில் வையுங்கள்.

வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹெபாதானே என்று கேட்கலாம். படுக்கையறைக்கு என் தெரிவும் அதுதான். ஆனால் அதை மருந்தாக எண்ணவேண்டாம். தூசிப்பூச்சியின் எச்சம் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரோன் வரை பருத்தது. நல்ல இரட்டை அடுக்குக் கடதாசியே அதில் பெரும்பங்கைப் பிடிக்கும். ஹெபாவின் பலன் உடைந்த நுண்துகளிலும் சாம்பலிலும்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2008ஆம் ஆண்டு மீளாய்வு 54 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, தூசிப்பூச்சியைக் குறைக்கும் முறைகளால் ஆஸ்துமா குறைந்ததாகக் காணவில்லை. அதற்காக அறையைக் கூட்டாமல் விடமுடியுமா என்பது வேறு பேச்சு. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைப்பது பையைவிட மலிவு. அது பூச்சியையே கொல்லும். உறிஞ்சும்போது எழும் தூசி அடங்க அரை மணி நேரம் நோயாளி வெளியே இருப்பதும் செலவில்லாத வேலை. பையே இல்லாத இயந்திரம் வாங்கிவிடலாமே என்பார்கள். அந்தக் குவளையைக் கொட்டும்போது பிடித்ததெல்லாம் முகத்துக்கே திரும்பி வரும்.

வாங்கப் போகுமுன் பழைய பையின் அட்டைக் கழுத்தை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். துளையின் விட்டம் சில மில்லிமீற்றர் மாறினாலும் மேலே சொன்ன கசிவுதான். மூதூரில் கிடைக்காமல் கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலை வரை போய்விட்டு, பொருந்தாத பையோடு திரும்புவது நட்டம். கடைக்காரர் ‘எல்லாத்துக்கும் பொருந்தும்’ என்று சொன்னாலும் அட்டையை வைத்துப் பாருங்கள். நிறைந்த பையின் வாயை ஒட்டுநாடாவால் மூடி, காற்றில்லாத நேரத்தில் வெளியே கொண்டுபோய்க் கழற்றுங்கள். வளவு மூலையில் குப்பையோடு போட்டு எரிக்கும் வழக்கம் ஹெபா பைக்கு ஆகாது, அது பிளாஸ்ரிக். உள்ளே மண்ணும் முடியும் மட்டும் உள்ள கடதாசிப் பையைத் தென்னையடிக் கிடங்கில் தாட்டுவிடலாம்.