கூட்டும் கொய்யாவும்

நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் உண்ண வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி கூறுகிறது. (1918-இல் நம் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்ற நிறுவனம் அது.) உயிர்ச்சத்துகளைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய நான், அன்று மதியமே அம்மா கட்டிக்கொடுத்த பூசணிக் கூட்டைத் தொடாமல் டப்பாவை மூடினேன். படித்த அறிவு நாக்குவரை இறங்குவதில்லை போலும்!

மாலையில் தாம்பரம் ரயில் நிலைய வாயிலில் நடப்பதோ வேறு. தள்ளுவண்டிக்கார அம்மா கொய்யாவை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டுகிறார். காயும் பழமும் வேண்டாம் என்ற அதே நண்பர்கள் முந்திக்கொண்டு வாங்குகிறார்கள், நானுந்தான். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் 'சி' உயிர்ச்சத்து பல மடங்கு மிகுதி. ஆனால் அதை எண்ணி வாங்கியவர் எங்களில் எவருமில்லை. நல்ல பசி வேளை, கையிலுள்ள சில்லறை, கண்ணெதிரே நறுக்கிய பழம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பங்குக்கு வரும் தோழர்கள். இவையே எங்களைத் தின்ன வைத்தன.

எனவே நம் சிற்றுண்டிச்சாலையில் வடைத்தட்டுக்குப் பக்கத்திலேயே நறுக்கிய கொய்யாவும் வெள்ளரியும் வைக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். இனிக் கூட்டை மீதம் வைப்பதில்லை என்று அம்மாவிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன், பூசணி நீங்கலாக.