வழக்கம் மாறிய வழி

மாசிக் கொடை விழா தொடங்கியதும் பெண்கள் இருமுடி தாங்கி மண்டைக்காட்டை நோக்கி வருவர். குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்தும் கேரள நாட்டிலிருந்தும் அணியணியாக வரும் அவர்கள், புற்று வடிவில் எழுந்தருளியிருக்கும் பகவதி அம்மனைத் தரிசித்துப் பொங்கலிட்டு மீள்வர். இத்தலம் 'பெண்களின் சபரிமலை' என வழங்கப்பெறுவது இதனாலேயே. வந்தவர் எக்குலத்தவர் என்று வாயிலில் கேட்பாரில்லை. இன்று இயல்பாகத் தோன்றும் இவ்வழக்கம், நூறாண்டுகளுக்கு முன்னர் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் பெருங்கோயில்களில் நினைத்தற்கும் அரியதாயிருந்தது.

வழிபாட்டில் குலவேற்றுமை கூடாது என்னும் கருத்து அக்காலத்தார் அறியாததன்று. பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வாரை, பகவானின் ஆணைப்படி லோகசாரங்க முனிவர் தம் தோளில் சுமந்து அரங்கனின் சந்நிதிக்குள் கொண்டு சென்றார் என்று குருபரம்பரை கூறும். திருவட்டாறும் திருவண்பரிசாரமும் ஆகிய இரண்டு திவ்ய தேசங்களைத் தன்னகத்தே கொண்டது இக்குமரி மாவட்டம். ஆயினும் ஆழ்வாரை வணங்கிய சமுதாயமே, அவர் வளர்ந்த குலம் போன்ற குலத்தாரை மதிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. உண்மையை அறிதல் வேறு. அதனை வழக்கமாக்கிக் கொள்ளுதல் வேறு.

அவ்வழக்கம் எவ்வாறு மாறிற்று? முதற்கண், துன்புற்றவர்களே குரலெழுப்பினர். திருவிதாங்கூரின் தென்பகுதியில் நாடார் முதலிய குலத்துப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை பல கட்டங்களாகப் போராட்டம் நிகழ்ந்தது. 1859-ஆம் ஆண்டில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் பிறந்த அரசாணை, நாடார் பெண்கள் மேலாடை அணிய இடமளித்தது. எனினும் உயர்குலப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று தடையும் விதித்தது. கிடைத்த நீதியும் அரைநீதியாகவே இருந்தது. அதே நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்று நீரை முகக்கவும், உடனமர்ந்து உண்ணவும், ஆடவர் தலைப்பாகையுடன் வழிபடவும் வழிசெய்தார். தலைகுனிந்து வாழப் பழக்கப்பட்டவர்க்கு இது பெருந்துணிவைத் தந்தது.

பின்னர்க் கேள்வி தெருக்களை எட்டியது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்திலும், 1926-இல் சுசீந்திரத்திலும் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. இறுதியாக 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசின் பொறுப்பிலிருந்த கோயில்கள் இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தன. 1859-க்கும் 1936-க்கும் இடையே எழுபத்தேழு ஆண்டுகள். ஏறத்தாழ மூன்று தலைமுறை. மேலாடைக்காக அடிபட்ட பெண்களுள் பலர் கோயில் வாயில் திறந்ததைக் காணாமலே மறைந்தனர்.

பெற்ற நன்மை தானே நிலைத்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 1982-ஆம் ஆண்டு கொடை விழாவின்போது மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தலைமுறைகளாக அண்டை அயலாய் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினர். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரணை நடத்தியது. குன்றக்குடி அடிகளார் இப்பகுதிக்கு வந்து அமைதிப் பணி ஆற்றினார். சாதியின் பேரால் அடைபட்டிருந்த கதவைத் திறந்த நாட்டிலேயே, சமயத்தின் பேரால் வேறொரு கதவு அடைபடலாம் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

சமுதாயம் மாறுவதற்கு மூன்று வேண்டும் என்பது இவ்வரலாற்றால் விளங்கும். துன்புறுவோர் கேட்கும் துணிவு வேண்டும். ஆள்வோர் செவிசாய்க்கும் நேர்மை வேண்டும். அண்டை வீட்டார் அதனை நாள்தோறும் வாழ்ந்து காட்டும் பண்பு வேண்டும். முன்னிரண்டிற்கும் ஆண்டும் நாளும் ஏடுகளில் உண்டு. மூன்றாவதற்கு அவ்வாறு குறித்த நாள் ஒன்றில்லை; அஃது ஒவ்வொரு திருவிழாவிலும், பிரசாதம் பெற நிற்கும் ஒவ்வொரு வரிசையிலும், வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வார்க்கும் ஒவ்வொரு கையிலும் புதிதாகத் தொடங்க வேண்டியதாகும்.