மோனாலிசாவின் மடியில் மண்ணெண்ணெய்க் கான்

கேள்வி: தரம் 11இல் படிக்கும் என் மகள், 2022இல் நாங்கள் நின்ற மண்ணெண்ணெய் வரிசையில் மோனாலிசாவையும் மடியில் கானோடு இருத்தி ஒரு கேலிச்சித்திரம் கீறினாள். வகுப்பே சிரித்ததாம். சித்திர ஆசிரியரோ, உலகம் போற்றும் ஓவியத்தைப் பகிடி பண்ணக்கூடாது என்று ஏசிப்போட்டார். இது அவமதிப்பா?
– வாசகி, பரந்தன்

பதில்: இல்லை. அவமதிப்பு எப்படியிருக்கும் என்பதை எங்கள் நாடு 1967இல் கண்டது. சீகிரியாவில் ஏறிய சிலர் மூல ஓவியங்களிலேயே பச்சை நிறத்தைப் பூசினார்கள். துப்புரவாக்க இத்தாலியிலிருந்து நிபுணர் வரவேண்டியிருந்தது. உங்கள் மகள் கீறியது தன் தாளில். லூவர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மூல ஓவியத்தின் 77 சென்ரிமீற்றர் உயரப் பலகைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

ஓவியர் மார்செல் டூஷாம்பின் கதையை ஆசிரியருக்குச் சொல்லிப் பாருங்கள். படிகளில் இறங்கும் நிர்வாண உருவம் ஒன்றை, உடலைத் துண்டுதுண்டாக உடைத்து, அவர் 1912இல் வரைந்தார். அடுத்த ஆண்டு நியூயோர்க் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். கிரிஸ்வோல்ட் என்பவர், சுரங்க ரயில் நிலையப் படிகளில் சனம் முண்டியடித்து இறங்குவதை அதே உடைந்த கோடுகளில் கீறி, ஈவினிங் சன் பத்திரிகையில் வெளியிட்டார். இத்தகைய நக்கல்களால் டூஷாம்பின் பெயர் கெடவில்லை. அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1919இல், மோனாலிசாவை வரைந்த டாவின்சி இறந்து 400 ஆண்டான வேளையில், அதே டூஷாம்ப் மலிவான மோனாலிசா தபாலட்டை ஒன்றில் மீசையும் குறுந்தாடியும் வைத்தார். அதுவும் இன்று கலை வரலாற்றுப் பாடம்தான்!

கிரிஸ்வோல்ட் வெறுமனே சிரிக்கவில்லை. டூஷாம்ப் எப்படி உடைத்தாரோ அப்படி உடைக்கப் பழகிவிட்டுத்தான் சிரித்தார். மகளின் படத்தை நான் பார்க்கவில்லை. கையின் மேல் கை, முக்கால்வாசி திரும்பிய உடல், பின்னால் வளைந்து போகும் பாதை, இவை மூன்றும் சரியாக விழுந்திருந்தால் அவள் மூலத்தை ஆழ்ந்து பார்த்திருக்கிறாள். அதற்கே ஆசிரியர் புள்ளி போடலாம். மற்றதையெல்லாம் அப்படியே விட்டு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் பகிடி எடுபடும். கானோடு நிறுத்தியது நல்ல புத்தி. இதில் டாவின்சிக்கு அடி விழவில்லை, எங்களை வரிசையில் நிறுத்தியவர்களுக்கே விழுகிறது.

ஓவியமும் கேலியும் எதிரிகளும் அல்ல. கொழும்பின் ‘43 குழு’ ஓவியர் ஓப்ரி கொலெற், பெயர்பெற்ற கேலிச்சித்திரக்காரர். ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் சுந்தர் கீறிய சவாரித்தம்பர் கேலிச்சித்திரங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த வடக்குக்கு நான் இதைச் சொல்லவேண்டியதில்லை.

பரீட்சையில் மட்டும் கேட்டதைக் கீறட்டும். பத்திரிகைக்கு அனுப்பவும் தடையில்லை, மோனாலிசாவுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஜோர்ஜ் கீற் போன்றவர்களின் ஓவியத்தை எடுத்தால் கவனம் தேவை: அவர் 1993இல் காலமானார், எங்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பாதுகாப்புத் தருகிறது.